கீப் என்னும் வினைச்சொல்

அந்தக் குடைத் தொழிற்சாலையில் இரண்டு கீப்பர்கள் இருந்தார்கள். வாசலில் உட்கார்ந்து, யார் எப்போது வந்தார்கள், யார் எப்போது நழுவினார்கள் என்று கவனிப்பவர் டைம்கீப்பர். பின்பக்கக் கூடத்தில் கம்பி, கைப்பிடி, ஸ்பிரிங், துணிச்சுருள் என்று சகலத்தையும் பூட்டிவைத்துக்கொண்டு, கேட்பவர்களுக்கு உடனே கொடுக்காமல் இருப்பவர் ஸ்டோர்கீப்பர். நேரத்தை யாரும் பூட்டிவைக்க முடியாது. ஆகவே வாசலில் இருப்பவர் பேருக்குத்தான் கீப்பர், அசல் கீப்பர் தான் ஒருவர்தான் என்பது ஸ்டோர்கீப்பரின் கட்சி. இப்படி ஒரு போட்டி நடந்துகொண்டிருப்பது வாசலில் இருந்தவருக்குத் தெரியவே தெரியாது.

ஸ்டோர்கீப்பருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. வெள்ளைச் சலவைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. ஆங்கிலத்தின்மேல் அவருக்கு அபார நம்பிக்கை. ஆங்கிலத்துக்கு அவர்மேல் அந்த அளவு இருந்ததா என்று சொல்ல முடியாது. அதிலும் ‘கீப்’ என்ற வினைச்சொல்லை அவர் கிட்டத்தட்டச் சொந்தச் சொத்தாகவே பாவித்தார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டால் பாதி ஆங்கிலம் தானாகப் பின்னால் வரும் என்பார். ஸ்டோரின் சுவர் முழுக்க அதுதான்: கீப் சைலன்ஸ், கீப் கிளீன், கீப் டிஸ்டன்ஸ். பெயிண்டர் ஞாபக மறதியில் ‘கீப் சைலன்ஸ்’ பலகையை இரண்டு தரம் எழுதிவிட்டார். வீணாக்க மனமில்லாமல் ஒன்றை ஸ்டோர்கீப்பர் தன் அறைக்கு எடுத்துப்போய் மாட்டிக்கொண்டார்.

டயர் கடைக்கு மேலே ஒற்றை அறை. கல்யாணம் என்ற ஒன்று அவருக்கு நடக்கவில்லை. நடத்திவைக்க வேண்டியவர்கள் ஆளுக்கொரு வருடமாகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்தப் பலகைக்கு அந்த அறையில் கிடைத்த மரியாதை உலகத்தில் வேறெங்கும் கிடைத்திருக்காது. சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் டிக்கெட் கேட்டு மூடிய வாய், திங்கட்கிழமை காலை பஸ்ஸில் டிக்கெட் கேட்கத்தான் மறுபடி திறக்கும்.

ஆனால் திங்கட்கிழமை ஸ்டோரைத் திறந்துவிட்டால் பேச்சுக்குப் பஞ்சமில்லை. அங்கே அக்கா இருந்தார்.

‘ஸ்டோர் அக்கா’ என்றால் தொழிற்சாலை முழுக்கத் தெரியும். கம்பி வளைக்கும் மிஷினில் வேலை பார்த்த கணவர் நெஞ்சுவலியில் போனபிறகு அவருக்குக் கிடைத்த வேலை. சரக்கை எண்ணி அடுக்குவது, ஒவ்வொரு செக்ஷனிலிருந்தும் பொருள் கேட்டு வரும் சீட்டைப் பார்த்து எடுத்துக் கொடுப்பது. ஜன்னலோரம் ஒரு ஸ்டூல், அதற்கு மேலே சுவரில் ஓர் ஆணி, ஆணியில் ஒரு நீல ஸ்வெட்டர். சிமெண்டுத் தரையின் குளிர் அவருக்கு ஆகாது. ஸ்டோர்கீப்பருக்கும் ஆகாதுதான், ஆனால் ஓர் அதிகாரிக்குக் குளிரலாமா?

“பாருங்கம்மா, பால் கெடாம இருக்கறதுக்கும் கீப். கோழி வளக்கறதுக்கும் கீப். குடுத்த வாக்கைக் காப்பாத்தறதுக்கும் கீப்.”

“ம்.”

“ரகசியத்தை வெளிய விடாம இருக்கறது? அதுவும் கீப்தான். ஓயாமப் பேசிக்கிட்டே இருந்தா கீப் டாக்கிங். பேசாம இருந்தா கீப் கொயட்.”

“பேசறதுக்கும் அதேதான், பேசாம இருக்கறதுக்கும் அதேதானா?” என்றார் அக்கா, ஸ்பிரிங்குகளை எண்ணுவதை நிறுத்தாமல். “ஒரே ஒரு அறையை இத்தனை பேருக்கு வாடகைக்கு விட்டிருக்காங்களே. வேற வார்த்தை வாங்க வக்கில்லையா சார் அவங்களுக்கு?”

“அதாம்மா இங்கிலீஷோட ப்யூட்டி!”

“நல்ல ப்யூட்டி. இதோ, உங்களால எண்ணிக்கை விட்டுப்போச்சு. மறுபடி ஒண்ணுலேருந்து.”

அக்கா எண்ணிக்கையைத் தவறவிடும்போதெல்லாம் ஸ்டோர்கீப்பருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். மறுபடி எண்ண இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். அவ்வளவு நேரம் எதிரில் ஒரு குரல் கேட்டுக்கொண்டிருக்கும். இந்தச் சந்தோஷத்துக்கு என்ன பெயர் என்று அவர் யோசித்ததில்லை. யோசித்திருந்தாலும் முதலில் அதற்கு ஆங்கிலத்தில்தான் தேடியிருப்பார்.

மழைக்காலத்துக்கு முன்னால் ஸ்டோருக்குக் கம்ப்யூட்டர் வருகிறது என்று செய்தி வந்தது. கம்ப்யூட்டர் வந்தால் ஸ்டோருக்கு ஓர் ஆள் போதும். இருப்பது இரண்டு ஆள். இந்தக் கழித்தலைப் போட யாருக்கும் கம்ப்யூட்டர் தேவைப்படவில்லை.

“போனாப் போகுது சார்,” என்றார் அக்கா. “பொண்ணைக் கட்டிக் குடுத்தாச்சு. ஒத்தை வயிறு. எங்கயாவது பாத்திரம் தேச்சாக்கூட ஓடிடும்.” சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நான் இருக்கேன்ல? மீட்டிங்ல நான் பேசறேன்.”

“நீங்களா?”

“ஏம்மா அப்படிக் கேக்கறீங்க?”

“இல்ல, ரெண்டு வார்த்தை நல்லதாச் சொல்லுங்க. சுருக்கமா. தமிழ்ல.”

உண்மையில் அவர் தமிழில்தான் தயார் செய்திருந்தார். பஸ்ஸில் முன்சீட்டின் முதுகைப் பார்த்துச் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தார். ‘இந்தம்மா வந்தப்புறம்தான் சார் ஸ்டோர் ஒழுங்கா நடக்குது.’ அவ்வளவுதான். நல்ல வாக்கியம். உண்மையும்கூட.

கூட்டம் கேன்டீன் கூடத்தில் நடந்தது. தையல் பகுதிப் பெண்கள் ஒரு பக்கம், மிஷின்காரர்கள் ஒரு பக்கம். அக்கா கடைசி வரிசையில், தன் நாத்தனாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். செத்துப்போன கணவரின் தங்கை. தையல் பகுதியில் வேலை. இருவருக்கும் ஒரே தெரு, ஒரே பஸ்.

மேனேஜர் எழுந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு முக்கால் மணி நேரம் ஆங்கிலத்தில் பேசினார். சுருக்கம் என்னவென்றால், யாரையும் வேலையை விட்டு நீக்கப் போவதில்லை, சிலரை ‘ஃப்ரீ’ பண்ணப் போகிறார்கள். இப்படியொரு விடுதலை தங்களுக்கு வந்துவிடக் கூடாதே என்று கூடம் முழுக்க வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கடைசியில் மேனேஜர், “ஸ்டோர்கீப்பர், எனி கமென்ட்ஸ்?” என்றார்.

கேள்வி ஆங்கிலத்தில் வந்துவிட்டது. ஆங்கிலத்தில் வந்த கேள்விக்குத் தமிழில் பதில் சொல்வதா? கூடமே பார்த்துக்கொண்டிருக்கிறது. போதாததற்கு டைம்கீப்பர் வேறு முன்வரிசையில். பஸ்ஸில் பழகிய வாக்கியத்தை ஸ்டோர்கீப்பர் அந்த இடத்திலேயே கைகழுவினார். எந்தச் சொல் தன்னைக் கைவிடாது என்று இத்தனை வருடமாக நம்பியிருந்தாரோ, அதைக் கூப்பிட்டார்.

“சார்,” என்றார், கணீரென்று. “ஐ வான்ட் டு கீப் ஹர்.”

கூடம் நிமிர்ந்தது.

“ஐ ஹேவ் கெப்ட் ஹர் ஃபார் செவன் இயர்ஸ்.”

எங்கோ ஒரு ‘களுக்’.

“சார், வித் யுவர் கைண்ட் பர்மிஷன், ஐ வில் கீப் ஹர் டில் மை ரிடையர்மென்ட்!”

இலக்கணத்தில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. பிரச்சினை என்னவென்றால், கூடத்தில் இருந்த முக்கால்வாசிப் பேருக்கு ஆங்கிலத்தில் தெரிந்த நாலைந்து சொற்களில் அதுவும் ஒன்று. அவர்களுக்கு அது வினைச்சொல் அல்ல, ஒரு பெண்ணைக் குறிக்கும் பெயர்ச்சொல். தாலி இல்லாமல், தனியாக ஒரு வீடு எடுத்து, ஊருக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒருவர் வைத்துக்கொள்ளும் பெண். ஸ்டோர்கீப்பருக்கும் இந்த அர்த்தம் தெரியாததல்ல. ஆனால் அது தெருவில் புழங்குவது. தான் பேசியது ஆங்கிலம். இரண்டும் சந்தித்துக்கொள்ளும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

சிரிப்பு கூரையில் போய் இடித்தது. மிஷின்காரர்கள் மேஜையைத் தட்டினார்கள். தையல் பகுதி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. மேனேஜர் எதையோ தேடுவதுபோல மேஜைக்கு அடியில் குனிந்து, முகத்தைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். “ஓகே, ஓகே. கீப் ஹர்,” என்றார். முடிவு செய்தாகிவிட்டது. அக்காவின் வேலை தப்பியது.

ஸ்டோர்கீப்பர் அந்தச் சிரிப்பை ஆரவாரமாக எடுத்துக்கொண்டார். லேசாகத் தலைவணங்கி உட்கார்ந்தார். டைம்கீப்பர் எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். “கங்கிராட்ஸ் சார். இத்தனை வருஷமா மறைச்சுட்டீங்களே!”

“தேங்க்யூ, தேங்க்யூ,” என்றார் ஸ்டோர்கீப்பர்.

கூட்டம் முடிந்து ஸ்டோருக்கு முதலில் வந்து சேர்ந்தவர் அவர்தான். தன் நாற்காலியை இழுத்து, ஸ்டூலுக்குக் கொஞ்சம் நேர் எதிராகப் போட்டுக்கொண்டார். பாராட்டு கேட்க வசதியாக இருக்கும். அக்கா வந்தார். உட்காரவில்லை.

“சார், அங்க என்ன சொன்னீங்க?”

“உங்க வேலையைக் காப்பாத்திட்டேம்மா.”

“அது புரிஞ்சுது. என்ன வார்த்தை சொன்னீங்க?”

“கீப்.”

“அப்படின்னா என்ன அர்த்தம்?”

“எத்தனையோ அர்த்தம் இருக்கேம்மா! நான்தான் தினமும் சொல்லிக்கிட்டே…”

“எத்தனை வேணா இருக்கட்டும் சார். கேட்டவங்களுக்கு ஒண்ணுதான் தெரியும்.”

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முகம் சலவைச் சட்டையோடு ஒன்றாகிப்போனது. மேஜை தட்டியது, கை குலுக்கியது, தான் தலைவணங்கியது எல்லாம் வரிசையாகத் திரும்பி வந்து அவர் முன்னால் நின்றன. அதிலும் அந்த ‘தேங்க்யூ’ இரண்டு தரம் வந்தது.

“ஐயோ, நான் அந்த அர்த்தத்துல… என்னைப் போய்… அம்மா…”

“உங்களை எனக்குத் தெரியாதா?” குரல் கோபமாக இல்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. “ஆனா என் நாத்தனார் என் பக்கத்துல உக்காந்திருந்தா. சிரிப்பு ஆரம்பிச்சதும் நகந்து உக்காந்தா. இன்னிக்கு பஸ்ஸுக்கு எனக்காக நிக்கமாட்டா. நான் வீடு போய்ச் சேர்றதுக்குள்ள சேதி குளிச்சு, சாப்பிட்டு, சாவகாசமா உக்காந்திருக்கும். நாளைக்கு என் பொண்ணோட மாமியார் வீட்டுக்கும் போகும்.”

“நான் சரிபண்றேன். நாளைக்குக் காலைல, எல்லார் முன்னாடியும்.”

“வேணாம் சார். விட்டுடுங்க.”

“இல்லம்மா. தமிழ்லயே சொல்றேன்.”

தன் ஆங்கிலத்தை யாரோ தப்பாகப் புரிந்துகொண்டார்கள் என்ற கவலை அவருக்கு இருந்தது. தமிழைப் பற்றி அப்படி ஒரு கவலை வரவேயில்லை. பிறந்ததிலிருந்து பேசுகிற மொழி, அது என்ன செய்துவிடும்?

காலை ஷிஃப்ட் மணி அடிக்கும் முன் வாசலில் கூட்டம் நிற்கும். ஒவ்வொருவராகக் கார்டைச் செருகிக்கொண்டு உள்ளே போக வேண்டும். ஸ்டோர்கீப்பர் டைம்கீப்பரின் கூண்டுக்கு எதிரே ஒரு படி ஏறி நின்று கையை உயர்த்தினார்.

“எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க. நேத்து நான் பேசினதைத் தப்பா எடுத்துக்கிட்டீங்க. நான் சொன்னது அந்த அர்த்தமில்ல. அந்தம்மாவை நான் வச்சுக்கறேன்னுதான் சொன்னேன்.”

யாரோ பின்னாலிருந்து, “அதைத்தான் சார் நாங்களும் புரிஞ்சுக்கிட்டோம்!” என்றார்கள்.

“இல்லய்யா! வேலைக்கு! வேலைக்கு வச்சுக்கறது! கம்பெனிதான் வச்சிருக்கு, நான் கம்பெனி சார்பா வச்சிருக்கேன்…”

“கம்பெனி செலவுலயா சார்?” என்றார் டைம்கீப்பர், கூண்டுக்குள்ளிருந்து தலையை நீட்டி. “குடுத்துவச்சவர்!”

மணி அடித்தது. யாரும் நகரவில்லை. ஸ்டோர்கீப்பர் டைம்கீப்பரைப் பார்த்து விரலை நீட்டினார். வாழ்நாளில் அவர் யாரையும் மிரட்டியதில்லை. மிரட்டுவதற்கு ஊரில் எல்லோரும் சொல்கிற வார்த்தைதான் வாயில் வந்தது.

“ஏய்! உன்னை அப்புறம் வச்சுக்கறேன்!”

“ஐயையோ, என்னையுமா சார்?” என்று டைம்கீப்பர் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்.

அன்றைக்குத் தொழிற்சாலையில் முதல் குடை தயாராக வழக்கத்தைவிட வெகுநேரம் ஆனது. அந்தச் சிரிப்புக்கு நடுவே கார்டைச் செருகிவிட்டு, யாரையும் பார்க்காமல், சுவரோரமாக நடந்து உள்ளே போனார் அக்கா. ஸ்டோருக்குப் போகவில்லை. மேனேஜர் அறைக்குப் போனார்.

மத்தியானம் தன்னிடம் இருந்த ஸ்டோர் சாவிக்கொத்தோடு வந்தார்.

“டெஸ்பாட்ச்சுக்கு மாத்திக் கேட்டேன் சார். பெட்டி கட்டுற இடத்துல ஆள் பத்தலையாம். சரின்னுட்டாரு. ரொம்ப நிம்மதியாச் சரின்னாரு.”

“அங்க தூசும்மா. நாள் பூரா நின்னுக்கிட்டே இருக்கணும்.”

“நிக்கலாம். தலை நிமிந்து நிக்கலாம்ல?” சாவியை மேஜையில் வைத்தார். “வேலை போயிருந்தா ‘ஐயோ பாவம்’னு சொல்லியிருப்பாங்க. இப்ப வேலை இருக்கு. ஏன் இருக்குன்னு ஒரு காரணமும் சொல்றாங்க. அந்தக் காரணத்தோட தினம் இந்தக் கதவைத் திறந்துக்கிட்டு உள்ள வர என்னால முடியாது.”

ஸ்டோர்கீப்பர் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா போகத் திரும்பி, நின்றார்.

“ஒண்ணு கேக்கட்டுமா சார்? கம்ப்யூட்டர் வந்தா நீங்க ஒருத்தரே போதும். உங்களுக்கே அது தெரியும். அப்புறம் எதுக்கு நான் இங்க வேணும்னு அவ்வளவு பேர் முன்னாடி எந்திரிச்சீங்க?”

நேரடியான கேள்வி, பதிலும் நேராகத்தான் இருந்தது. டயர் கடைக்கு மேலே ஓர் அறை, அதில் ஒரு பலகை, சனிக்கிழமைக்கும் திங்கட்கிழமைக்கும் நடுவே ஒரு பெரிய பள்ளம். அவர் வாயைத் திறந்தார். அக்கா காத்திருந்தார்.

“அது வந்தும்மா… எஃபிஷியன்சி…” என்றார் ஸ்டோர்கீப்பர்.

“சரி சார்,” என்றார் அக்கா. போய்விட்டார்.

கம்ப்யூட்டர் வந்தது. அதைச் சொல்லிக்கொடுக்க வந்தவர், எந்தச் சரக்கு எவ்வளவு என்று அதுவே சொல்லிவிடும், இனிமேல் எண்ண வேண்டாம் என்றார். ஸ்டோர்கீப்பர் எண்ணிக்கொண்டுதான் இருந்தார். ஸ்பிரிங்குகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, வேண்டுமென்றே நடுவில் விட்டுவிட்டு, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். குறுக்கே பேச யாருமில்லாததால் எண்ணிக்கை தானாகத் தப்பவே மாட்டேன் என்றது. சிரிப்பு கொஞ்ச நாளில் ஓய்ந்தது. டைம்கீப்பருக்கு வேறு யாரோ கிடைத்துவிட்டார்கள். அது ஓய்ந்ததும் ஸ்டோர் பக்கம் எட்டிப்பார்க்க ஒரு காரணமும் இல்லாமல் போனது. கேலி செய்யவாவது வந்துகொண்டிருந்தவர்கள்.

ஸ்வெட்டர் மட்டும் ஆணியிலேயே தொங்கியது. அவசரத்தில் அக்கா மறந்துவிட்டிருந்தார். யாரிடமாவது கொடுத்தனுப்பியிருக்கலாம். கொடுத்தனுப்பினால் அதற்கும் ஓர் அர்த்தம் கண்டுபிடிப்பார்கள் என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டார். தினமும் காலையில் கதவைத் திறந்ததும் முதலில் அந்த ஆணியைத்தான் பார்த்தார்.

ஒரு நாள் பஸ்ஸில் நல்ல கூட்டம். முன்சீட்டில் இருந்த ஒரு பெரியவர், நிறுத்தம் வந்துவிட்டது என்று நினைத்து எழுந்தார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி வெளியே பார்த்தபடியே, கையைக்கூட நீட்டாமல், “இருங்க,” என்றார். பெரியவர் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான்.

ஸ்டோர்கீப்பர் அந்த முன்சீட்டின் முதுகையே பார்த்துக்கொண்டு போனார். ‘அவங்க இங்கயே இருக்கட்டும் சார்.’ மேனேஜரிடம் இதைச் சொல்லியிருக்கலாம். இதில் யார் என்ன அர்த்தம் கண்டுபிடித்திருக்க முடியும்? ‘நீங்க இங்கயே இருங்கம்மா.’ சாவியை வைத்தபோது அவரிடம் இதைச் சொல்லியிருக்கலாம். ‘வை’யும் இல்லை, ‘கீப்’பும் இல்லை. குழந்தைக்குத் தெரிந்த சொல். இத்தனை பெரிய ஸ்டோரில் இந்த ஒன்று தன் கைக்கு அகப்படவில்லையே என்று இருந்தது. இறங்க வேண்டிய இடம் தாண்டிப்போயிற்று.

மழைக்காலம் பிறந்தது. வேலை நெருக்கியது. ஒரு நாள் கவுண்ட்டர் ஜன்னலில் நிழல் தட்டியதும் ஸ்டோர்கீப்பர் நிமிர்ந்தார். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அக்கா. கையில் சீட்டு.

“பெட்டி ஒட்டுற டேப் சார். எங்க ஆள் லீவு. அதான் நானே வந்தேன்.”

இளைத்திருந்தார். தலைமுடியில் அட்டைப்பெட்டித் தூசி. நாத்தனார் இப்போது பஸ்ஸுக்கு நிற்கிறாரா, பெண் வீட்டில் என்ன சொன்னார்கள், நின்று நின்று கால் வீங்குகிறதா, எதுவும் அவர் கேட்கவில்லை. டேப் சுருள்களை எடுத்து வலைக்கு அடியில் தள்ளினார். சாதாரணமாக ஒரு சீட்டுக்குப் பொருள் கொடுக்க அரைநாள் எடுப்பவருக்கு அன்றைக்கு ஏனோ கை முந்திக்கொண்டது. அக்கா வாங்கிக்கொண்டார். திரும்பினார்.

“இருங்க,” என்றார் ஸ்டோர்கீப்பர்.

அவருக்கே அது யார் குரல் என்று தெரியவில்லை. அக்கா நின்றார். கவுண்ட்டர் விளிம்பில் சுருள்களை வைத்துவிட்டு, பொறுமையாக, ஒரு காரியத்துக்காகக் காத்திருப்பவர் போல நின்றார்.

“சொல்லுங்க சார். இன்னும் ஏதாவது கையெழுத்துப் போடணுமா?”

இருங்க என்றால் கொஞ்சம் பொறுங்கள் என்றும் அர்த்தம் இருக்கிறது. அந்தச் சொல்லுக்கும் இரண்டு வீடு.

“இல்ல… ஒரு நிமிஷம்…” என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். எதற்கு என்று தெரியாமல்தான் போனார். அடுக்குகளுக்கு நடுவே நின்றார். கம்பிக்கட்டு, கைப்பிடிப் பெட்டி, துணிச்சுருள். ஓர் ஆளை நிற்கச் சொல்லிவிட்டு வந்தால் வெறுங்கையோடு திரும்பிப் போக முடியுமா? சுற்றிலும் பார்த்தார். ஜன்னலோரம் ஆணி இருந்தது.

ஸ்வெட்டரை எடுத்து, தூசி தட்டி, நான்காக மடித்துக்கொண்டு வந்தார். மடிப்பு வலைக்கு அடியில் நுழையவில்லை. பிரித்து, ஸ்வெட்டரின் கைகளை ஒவ்வொன்றாகத் தள்ளினார். அந்தப் பக்கம் அக்கா இழுத்துக்கொண்டார்.

“ஓ, இதுக்குத்தானா? எங்கெங்கயோ தேடிட்டேன். பஸ்லதான் விட்டுட்டேன்னு நெனச்சேன்.” முதல்முறையாக அந்தப் பழைய சிரிப்பு கொஞ்சம் வந்தது. “இத்தனை நாளும் பத்திரமா வச்சிருந்தீங்களே சார்.”

“ம்,” என்றார் ஸ்டோர்கீப்பர்.

அக்கா ஸ்வெட்டரைத் தோளில் போட்டுக்கொண்டு, சுருள்களை எடுத்துக்கொண்டு, நடைபாதையில் சுவரோரமாகப் போனார். திருப்பம் வரைக்கும் அந்த நீலம் தெரிந்தது.

ஸ்டோர்கீப்பர் உள்ளே வந்தார். ஆணி சும்மா நீட்டிக்கொண்டிருந்தது. யாராவது சட்டையைக் கிழித்துக்கொள்வார்கள், பிடுங்கிவிடலாம் என்று பெட்டியிலிருந்து இடுக்கியை எடுத்தார். யார் சட்டை? இங்கே யார் வருகிறார்கள்?

இடுக்கியைத் திரும்ப வைத்தார். இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.